தாத்தா ஃபோட்டோ இருக்கிற கம்ப்யூட்டர்

பிரியா: பெரியப்பா கம்ப்யூட்டர்ல திரும்ப நீலத் திரை, எரர் காட்டி நின்னுடுது. விண்டோஸ் புதுசா போட்டாலும் பாதியில நின்னுடுது. தாத்தா ஃபோட்டோ பூரா அதுலதான் இருக்கு

வசந்தி அத்தை: ஐயோ

ரவி மாமா: பார்ட்டிஷனை (டிஸ்க்ல பிரிச்சு வச்ச பகுதி) எல்லாம் டிலீட் பண்ணிட்டுப் போடு. சரியாயிடும்

கார்த்தி: மாமா வேண்டாம்! யாரும் எதையும் அழிக்காதீங்க. பிரியா, எத்தனை சதவீதத்துல நிக்குது?

பிரியா: முதல்ல 34. அப்புறம் 71. ஒரு தடவை ஃபைல் கெட்டிருக்குன்னு வந்துச்சு

கார்த்தி: விண்டோஸ் போடுற பென்டிரைவ்ல ஃபைல் கெட்டிருந்தா பெரும்பாலும் ஒரே இடத்துலதான் நிக்கும். இடம் மாறி மாறி நின்னா முதல் சந்தேகம் ரேம், அதாவது கம்ப்யூட்டரோட தற்காலிக நினைவகம். விண்டோஸ் போடுறப்ப, சுருக்கி வச்ச ஃபைலை ரேம்ல வச்சுதான் விரிக்கும். அங்க ஒரு பிட் மாறினாலே ஃபைல் கெட்டதுன்னு சொல்லிடும், பென்டிரைவ் நல்லா இருந்தாலும்

ரவி மாமா: பென்டிரைவ் புதுசு. நான் குடுத்தது

பெரியம்மா: அந்தப் பத்திர ஸ்கேனும் அதுலயா இருக்கு?

பிரியா: ஆமா பெரியம்மா

பெரியம்மா: எல்லாருக்கும் ஒரு காப்பி குடுங்கன்னு அப்பவே கேட்டேன்

வசந்தி அத்தை: அதை இப்ப எதுக்கு அண்ணி

கார்த்தி: முதல்ல ஃபோட்டோவைக் காப்பாத்தணும். அந்த மெஷின்லயே காப்பி எடுக்காதீங்க. ரேம் கெட்டிருந்தா காப்பியும் கெட்டு வரலாம், வெளியில தெரியாது. டிஸ்க்கைக் கழட்டி, சாட்டா-யூஎஸ்பி கேபிள்ல வேற கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. பிட்லாக்கர்னு விண்டோஸோட டிஸ்க் பூட்டு போட்டிருந்தா 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பெரியப்பாவோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கலாம், பாருங்க. டிஸ்க்ல டக் டக்னு சத்தம் வந்தா உடனே நிறுத்திடுங்க. செக்டிஸ்க்னு விண்டோஸ்ல டிஸ்க்கைச் சரிபார்க்கிற புரோகிராமை ஓட்டவே கூடாது, சாகப்போற டிஸ்க்கை அது இன்னும் சாகடிக்கும்

பிரியா: சத்தம் இல்ல

கார்த்தி: நல்லது. அப்புறம் ரேம். பவர் ஒயரைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடி. ரெண்டு ரேம்ல ஒண்ணை மட்டும் விட்டுட்டு, பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்ப வர்ற செட்டிங்ஸ்) ரேமை வேகமா ஓட்டுற எக்ஸ்எம்பி ஆன்ல இருந்தா அணைச்சிடு. வேற கம்ப்யூட்டர்ல ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ இன்னொரு பென்டிரைவ்ல ஏத்தி, பெரியப்பா கம்ப்யூட்டரை அதுல பூட் பண்ணு. 4 பாஸ், அதாவது 4 சுத்து ஓடணும், பல மணி நேரம் ஆகும், ராத்திரி விட்டுடு. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேம் மேல சந்தேகம்தான். அதையே அடுத்த ஸ்லாட்ல (ரேம் மாட்டுற இடம்) போட்டும் பாரு, சில நேரம் ஸ்லாட்தான் கெட்டிருக்கும்

வசந்தி அத்தை: தம்பி எனக்கு ஒண்ணும் புரியல. ஃபோட்டோ வந்துடுமா?

கார்த்தி: டிஸ்க் நல்லா இருந்தா வந்துடும் அத்தை. அவசரப்பட்டு அழிக்காம இருந்தாப் போதும்

ரவி மாமா: ரேம் நல்லா இருந்துச்சுன்னா?

கார்த்தி: அப்ப டிஸ்க்கை மதர்போர்டோட இணைக்கிற சாட்டா கேபிளை மாத்தணும், இன்ஸ்டால் பென்டிரைவைப் புதுசா எழுதணும், டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறிச்சு வைக்கிற ஸ்மார்ட் விவரத்துல பெண்டிங் செக்டார், அதாவது சரியாப் படிக்க முடியாத இடம் எத்தனைன்னு பார்க்கணும். அது பூஜ்ஜியத்துக்கு மேல இருந்தா அந்த டிஸ்க்ல விண்டோஸ் போடாதீங்க

பெரியம்மா: யார் கழட்டுறது? அவரு யாரையும் தொட விட மாட்டாரே

பிரியா: கார்த்தி அண்ணா நீங்க வர்றீங்களா?

கார்த்தி: ஞாயிறு பார்க்கிறேன். கேபிள் யார்கிட்ட இருக்கு?

ரவி மாமா: என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. தேடணும்

பெரியம்மா: காப்பி எடுக்கிறப்ப எனக்கும் ஒண்ணு