புதுப்பிப்பு: லைசென்ஸ் தடையில் இருக்கும்போது கார் காப்புறுதி எடுத்தாகிவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மலேசியாவில் போக்குவரத்துக் குற்றங்களுக்குப் போடும் கெஜாரா புள்ளிகள் ஏறி லைசென்ஸ் ஆறு மாதம் தடை. அதற்குள் கார் காப்புறுதியும் சாலை வரியும் முடிந்துவிட்டன. எதை முதலில் எடுப்பது? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"லைசென்ஸுக்காகக் காத்திருக்காதே தம்பி, காப்புறுதி காருக்கும் உரிமையாளருக்கும்தான்" என்று பட்டர்வொர்த் அண்ணன் ஒருவர் சொன்னாரே, அதுதான் சரியாக வந்தது. ஏஜெண்ட் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் கார் எண்ணும் மட்டும் கேட்டார். கவர் நோட் (காப்புறுதி எடுத்ததற்கான சான்று) மின்னணு முறையில் ஜேபிஜேவுக்கே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கே, போய்விடுகிறது. அப்புறம் சாலை வரியை மைஜேபிஜே செயலியில் கட்டினேன். 2023 முதல் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டும் கட்டாயமும் இல்லை. மனைவியின் பெயரையும் ஓட்டுநராகச் சேர்த்தேன். பெயர் இல்லாதவர் ஓட்டி மோதினால், என் பாலிசிப்படி முதல் 400 ரிங்கிட் நம் கையிலிருந்து போகும்.

நான் எதிர்பார்க்காதது என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாமல் இருப்பதற்குக் கிடைக்கும் தள்ளுபடி. தடையோடு அதுவும் போய்விடும் என்று பயந்தேன், 55 விழுக்காடு அப்படியே இருந்தது. அது கிளெய்மைப் பார்க்கிறது, சம்மனை அல்ல. ஆனால் முழுக் காப்புறுதியின் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, மூன்று இடத்திலாவது கேளுங்கள்.

ஒரு விஷயம்: தடைக்காலத்தில் நாமே ஓட்டி மோதினால் நம் காருக்கு இழப்பீடு கிடையாது, பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. அதனால் தடை முடியும்வரை ஜெலுத்தோங்கிலிருந்து தினமும் மனைவிதான் ஓட்டினாள், வழிநெடுக அறிவுரையோடு. போன வாரம் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது.