கட்டிக்குள் கொழுப்பு: டி செல்லுக்குத் தீனியா, விஷமா?

கேட்டவர்: இரண்டாமாண்டு_முதுகலை
நினைவு டி செல்கள் (ஒருமுறை கண்ட எதிரியை நினைவில் வைத்திருக்கும் நோயெதிர்ப்பு செல்கள்) கொழுப்பை எரித்துத்தான் நெடுநாள் பிழைக்கின்றன என்று பாடத்தில் படித்தேன். கருத்தரங்குக்கு எடுத்த கட்டுரையோ, புற்றுக்கட்டிக்குள் கொழுப்பை இழுத்துக்கொண்ட சிடி8 செல்கள் (கட்டியைக் கொல்லும் டி செல் வகை) முடங்கிப்போகின்றன என்கிறது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? மண்டை காய்கிறது.

பதில்: சாயக்காரன்
எல்லாவற்றையும் 'கொழுப்பு' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் குழப்பம்தான். எந்தக் கொழுப்பு, எந்த செல்லுக்குள் போகிறது என்று பாருங்கள். கட்டிக்குள் மாட்டிய சிடி8 செல்லின் மேற்பரப்பில் சிடி36 புரதம் கூடிவிடும். அது உள்ளே இழுப்பதில் ஆக்சிஜனேற்றமான எல்டிஎல்லும் (இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்) உண்டு. பிறகு செல்லின் சொந்தச் சவ்வே இரும்பின் துணையோடு கெடத் தொடங்கும். கட்டியைத் தாக்க அது சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவும் கிரான்சைமும் குறையும். முற்றினால் ஃபெரோப்டோசிஸ், அதாவது இரும்பு வழியாக வரும் செல் சாவு, ஆள் காலி.

எனக்குச் சோறு போடுவதே ஃப்ளோ சைட்டோமீட்டர்தான், செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவி. பாடிப்பை சி-11 என்றொரு சாயம் உண்டு. சவ்வில் போய் உட்காரும். கெடாதவரை சிவப்பாக ஒளிரும், ஆக்சிஜனேற்றமானால் பச்சைக்கு மாறும். திரையில் புள்ளிக்கூட்டம் பச்சைப் பக்கம் சாய்வதை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தச் சந்தேகமே வராது.

கொடுமை என்னவென்றால், அதே சிடி36, நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் ட்ரெக் செல்களுக்கு வரம். அதை வைத்தே மைட்டோகாண்ட்ரியாவைச் சரிக்கட்டிக்கொண்டு, லாக்டிக் அமிலம் நிறைந்த கட்டிக்குள் தாக்குப்பிடிக்கின்றன. எலிகளில் ட்ரெக் செல்லில் மட்டும் சிடி36-ஐ நீக்கியபோது கட்டி வளர்ச்சி குறைந்தது (2020).

பதில்: பழைய_பெஞ்ச்
பாடத்தில் படித்ததையும் அப்படியே நம்பாதீர்கள். அதற்கான சான்றில் பெரும்பங்கு, கொழுப்பு எரிப்பைத் தடுக்கும் எடோமாக்சிர் மருந்தை நம்பியது. அளவு கூடினால் அது வேறு இடங்களிலும் கைவைக்கும். 2018-இல், கொழுப்பு எரிப்புக்கு வேண்டிய சிபிடி1ஏ மரபணுவையே டி செல்லில் நீக்கிப் பார்த்தார்கள். நினைவு செல்கள் பாட்டுக்கு உருவாயின.

கேட்டவர்: இரண்டாமாண்டு_முதுகலை
அப்படியென்றால் நோயாளி உணவில் கொழுப்பைக் குறைத்தால் போதுமா?

பதில்: சாயக்காரன்
அவ்வளவு சுலபமாக முடியாது. 2020-இல் இன்னொரு எலி ஆய்வு: கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்ததும் கட்டி செல்கள், கொழுப்பு எரிப்பை அடக்கும் பிஎச்டி3 நொதியைக் குறைத்துக்கொண்டு கொழுப்பு அமிலங்களை வாரி விழுங்கின, சிடி8 செல்களுக்குப் பட்டினி. மேலே சொன்னதற்கு நேர் எதிர்! கட்டிக்குக் கட்டி கதை மாறும். தவிர, பல கட்டிகள் எஃப்ஏஎஸ்என் நொதியால் கொழுப்பைத் தாமே செய்துகொள்ளும். புற்றுநோயாளிக்கு எடை இறங்குவதே தனி ஆபத்து. கருத்தரங்கில் யாராவது இதைக் கேட்டால், உணவுக் கட்டுப்பாட்டை மருத்துவர் சொல்லட்டும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.