மலை ஏற 39 பல்லா, 34 பல்லா? கெந்திங் போகும் முன் பேசித் தீர்க்க வேண்டியது

கோம்பாக் சக்கரம்:

போன ஞாயிறு எங்கள் சைக்கிள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி 11-34 கேசட் மாட்டிக்கொண்டு வந்தான். கேசட் என்பது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு; இதில் சின்னதுக்கு 11 பல், பெரியதுக்கு 34. பின்னால் பல் கூடினால் மிதிக்க லேசு, முன்னால் கூடினால் கனம். கோம்பாக் பழைய சாலை வழியாகக் கெந்திங் செம்பா கணவாய் வரை போவது திட்டம். கிளம்பும் முன்பே சீனியர்கள் சிலர், "பின்னாடி தோசைக்கல்லு மாட்டிட்டு வந்திருக்கான் பாரு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். வழி நெடுக அதே பேச்சு. அவன் சிரித்துச் சமாளித்தான். மறுநாள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டான்.

எனக்கு இது பொறுக்கவில்லை. அடுத்த மாதம் கெந்திங் மலை உச்சிக்கே போகப் போகிறோம். செம்பா வரைக்கும் உள்ள ஏற்றம் பொறுமையாக மிதித்தால் யாரும் ஏறக்கூடியது. மலை வழியில் உள்ள கோ தோங் ஜெயா ஊரைத் தாண்டிய பிறகு வருவது அப்படி இல்லை. 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றம் விடாமல் வரும். 1996-ல் தொடங்கிய டூர் டி லங்காவி பந்தயத்தில் பல வருடம் மொத்த வெற்றியையே முடிவு செய்த மேடு அது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிற நம்மில் எத்தனை பேர், முன்னால் 39 பல்லும் பின்னால் 25 பல்லும் வைத்து அதை ஏற முடியும்? கியரில் போய் மானத்தை வைப்பது எதற்கு? மனதில் இருப்பதை எல்லாரும் இங்கேயே சொல்லுங்கள்.

பழைய 39:

புதுப் பையனைக் கேலி செய்தது தவறு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 39 வைத்திருப்பவன் எல்லாம் வீம்புக்காரன் என்று முடிவு கட்டுவதை ஏற்க மாட்டேன்.

11 ஸ்பீடு, அதாவது பின்னால் 11 பல்சக்கரம் உள்ள 11-25 கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 11-லிருந்து 17 வரை ஒவ்வொரு பல்லாகக் கூடும். 11-34-ல் 11, 13, 15, 17 என்று தாவும். குழுவோடு சமதரையில் வேகமாகப் போகும்போது 15 கனமாக இருக்கும், 17 போட்டால் கால் வெறுமனே சுற்றும். தேவைப்படும் 16 அங்கே இருக்காது. நாம் மலைக்குப் போகிற நாளிலும் பாதி நேரம் சமதரையில்தான் ஓட்டுகிறோம். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கியர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்புறம் கால் பலம். நிமிடத்துக்கு 40, 50 சுற்று மட்டும் மிதித்து ஏறும் பயிற்சியை இத்தாலியப் பயிற்சியாளர்கள் காலங்காலமாகக் கொடுக்கிறார்கள். கனமான கியரில் ஏறப் பழகியவனுக்கு எழுந்து நின்று மிதிக்கத் தெரியும், மேட்டுக்கு முன்னால் வேகம் சேர்க்கத் தெரியும். லேசான கியர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் மூச்சு வாங்கிய முதல் நொடியே கை அதற்குத்தான் போகும். 39-ல் ஒதுங்க இடம் கிடையாது. அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் நான் மலைக்கே போகிறேன்.

தண்ணீர்மலை (பினாங்கு):

அண்ணே, பிடிவாதம் இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம்.

ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 190 வாட் வேண்டும். ஓரளவு பழகியவர் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அளவு அது. 39-25-ல் (முன்னால் 39, பின்னால் 25 பல்) பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சைக்கிள் 3.3 மீட்டர் போகும். அப்படியென்றால் 8 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 41 சுற்றுதான் கிடைக்கும். 34-34-ல் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், நிமிடத்துக்கு 63 சுற்று. வேகம் ஒன்று, வாட் ஒன்று. ஆனால் 39-25-ல் ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான விசை கொடுக்க வேண்டும். அந்த விசையைத் தாங்குவது முட்டியும் தொடையும்.

சரி, 39-25-லேயே 70 சுற்று மிதிக்கிறேன் என்றால் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். அதற்கு 320 வாட்டுக்கு மேல் வேண்டும். கெந்திங்கின் கடைசிப் பகுதி முழுக்க அதைக் கொடுக்கக்கூடியவர் பந்தயத்துக்குப் போக வேண்டியவர்.

இங்கே எங்கள் பினாங்குக் கொடிமலைக்குத் தாவரவியல் பூங்கா பக்கத்திலிருந்து ஒரு ஜீப் சாலை போகிறது. ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். சராசரி ஏற்றமே 10 சதவீதத்தைத் தாண்டும், சில வளைவுகளில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அங்கே 39-25 கொண்டு வாருங்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். இத்தாலியின் சொன்கோலன் மலை 10 கிலோமீட்டர், சராசரி 12 சதவீதம். அங்கே ஏறும்போது முதல்தர வீரர்களே முன்னால் 34, பின்னால் 30-க்கு மேல் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத கௌரவம் நமக்கு எங்கிருந்து வந்தது?

பழைய 39:

கணக்கு சரி. ஆனால் முழுக் கணக்கு அது இல்லை, தம்பி. வேகமாகச் சுற்றுவதும் இலவசமாக வருவதில்லை. குறைந்த வாட்டில் ஓட்டும்போது உடம்பு மிகக் குறைவாக ஆக்ஸிஜன் செலவழிப்பது நிமிடத்துக்கு 60 சுற்றுக்குப் பக்கத்தில், 90-ல் இல்லை. லேசான கியர் போட்டுத் தடதடவென்று சுற்றுகிறவர்களின் இதயத் துடிப்பு எங்கே போய் நிற்கிறது என்பதையும் பாருங்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். என் தாத்தா பகாங் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. ஒற்றைக் கியர் இரும்புச் சைக்கிள். பின்னால் இரண்டு பக்கமும் பால் வாளி. அந்த லயத்து மேடு பள்ளத்தில் தினமும் போய் வந்தார். அந்த வம்சத்தில் வந்த நாம் பத்து கிலோவுக்கும் குறைவான கார்பன் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு பல் போதவில்லை என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உழைப்பால் வந்த பலத்தைப் பெருமையாக நினைப்பது வீம்பு ஆகாது.

பாலிக் பூலாவ் அக்கா:

தம்பி, என் அப்பாவும் பால்வெட்டுக்காரர்தான். கெடாவில். அதே இரும்புச் சைக்கிள், அதே வாளி. மேடு வந்தால் அப்பா இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். வாளியில் இருக்கும் பால் சிந்தாமல் ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும். எடை குறைந்தால் கூலி குறையும். மேட்டில் இறங்கினான் என்று யாரும் யாரையும் கேவலமாகப் பார்த்ததே இல்லை. இருந்த ஒரே கியரில் ஓட்டினார்கள், கொடுத்திருந்தால் மூன்று கியர் சைக்கிளை சந்தோஷமாக வாங்கியிருப்பார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி இன்றைய பிள்ளைகளை வெட்கப்பட வைக்கக் கூடாது.

இந்தப் பெருமைப் பேச்சு புதிதும் இல்லை. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்ச், கியர் மாற்றுவதெல்லாம் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குத்தான் என்று 1902-லேயே எழுதியவர். செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டெரெய்லர் அந்தப் பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது 1937-ல்தான். அதுவரை வீரர்கள் மலை அடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டித்தான் கியர் மாற்றினார்கள். இன்று யாராவது அதைப் பலம் என்று சொல்வார்களா?

நான் ஐம்பதைத் தாண்டியவள். தெலுக் பகாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாகப் பாலிக் பூலாவ் வருகிற மேட்டை 34-32 வைத்து ஏறுகிறேன். உட்கார்ந்தபடியே, பேசிக்கொண்டே ஏறுவேன். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது முட்டி வலிக்காது. பெண்கள் குழுவில் சேர வரும்போது "இது ஆம்பளை கியர்" என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பி விலகியதும் அதே காரணத்தால்தான்.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. மணிக்கு 8 கிலோமீட்டரில் உடம்பில் காற்றே படாது. புழுக்கத்தில் வியர்வை காயாது, சொட்டிக்கொண்டுதான் இருக்கும். உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் வாட்டைக் குறைத்து ஓட்ட ஒரு கியர் கையில் இருக்க வேண்டும். 39-25-ல் குறைக்க வழியில்லை. குறைத்தால் சைக்கிள் நின்றுவிடும்.

பழைய 39:

அக்கா, இறங்கித் தள்ளியதைப் பற்றிச் சொன்னது உண்மை. தாத்தாவும் தள்ளியிருப்பார். ஆனால் தெகிராஞ்ச் பக்கம் என்னைச் சேர்க்காதீர்கள். டெரெய்லர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கால் பழகுவதற்கு முன்பே கடையில் போய்ப் பல்லைக் கூட்டாதே என்கிறேன். கோலா குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போங்கள். வழியில் வரும் கேப் என்ற இடம் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல், மெதுவான ஏற்றம். அங்கே 39-25 தாராளமாகப் போதும். அங்கேயும் 34-34-ல் சுற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் கால் எப்போது தேறும்?

கெந்திங் உச்சிக்கு நான் 39-லேயே வருவேன். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவேன், அதில் எனக்கு வெட்கமில்லை. என்னோடு வருகிறவர்கள் என்ன மாட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தண்ணீர்மலை (பினாங்கு):

பிரேசர் மலைக்கு நீங்கள் சொல்வது சரி. கேப் வரைக்கும் எனக்கும் பெரிய கேசட் தேவைப்படாது. ஆனால் கால் தேறுவதற்கு 34-34 எப்படித் தடையாகும்? கனமாக மிதித்துப் பழக வேண்டுமென்றால் அதே கேசட்டில் 19-ஐப் போட்டு ஏறலாம். பெரிய பல் இருப்பதால் சின்னப் பல் காணாமல் போகாது. 25-ஓடு நின்றுவிடும் கேசட்டில்தான் தேர்வு இல்லாமல் போகிறது.

உலு லங்காட் ரைடர்:

நான் இடையில் ஒன்று கேட்கிறேன். என் எடை மட்டும் 84 கிலோ. சைக்கிளில் முன்னால் 50-34 கிராங்க் (50 பல், 34 பல் என இரண்டு சக்கரம்), பின்னால் 11-28. அம்பாங் பக்கம் லுக் அவுட் பாயிண்ட் மேட்டிலேயே முட்டிக்கு மேல் பிடித்து இழுக்கிறது. ஷிமானோ அல்டெக்ரா ஆர்8000, குட்டைக் கூண்டு (செயினைத் தாங்கும் கை நீளம் குறைந்த) டெரெய்லர். பின்னால் 34 நேராக மாட்ட முடியுமா, இல்லை டெரெய்லரும் மாற்ற வேண்டுமா? காசு யோசிச்சுத்தான் செலவு பண்ணணும் லா.

தண்ணீர்மலை (பினாங்கு):

ஆர்8000 குட்டைக் கூண்டுக்கு ஷிமானோ சொல்லும் எல்லை 30 பல். 34 வேண்டுமென்றால் நீளக் கூண்டு டெரெய்லர் வாங்க வேண்டும், செயினும் நீளமாக்க வேண்டும். கேசட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய செயினோடு ஓட்டாதீர்கள். தவறிப்போய் முன்னால் பெரிய செயின்ரிங்கும் (பல்சக்கரமும்) பின்னால் பெரிய பல்லும் சேர்ந்துவிட்டால் செயின் இழுத்து டெரெய்லரையே ஒடித்துவிடும்.

பழைய 39:

அப்படியென்றால் 11-30 போதும். டெரெய்லர் செலவு இல்லை. பல் இடைவெளியும் அவ்வளவு மோசமாகாது. மிச்சக் காசில் ஒரு நல்ல டயர் வாங்கு தம்பி. கெந்திங்கில் ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து.

பாலிக் பூலாவ் அக்கா:

டயர் கட்டாயம் வாங்கட்டும், பிரேக் பேடும் பார்க்கட்டும். ஆனால் 84 கிலோ ஆளுக்கு 34-30 வைத்துக் கெந்திங் போகச் சொல்லாதீர்கள். சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 94 கிலோவுக்குக் குறையாது, முட்டி வேறு இப்போதே வலிக்கிறது. நீளக் கூண்டு டெரெய்லர் இரண்டாம் கையில் கிடைக்கும், அதைத் தேடு தம்பி. 34 மாட்டி இரண்டு வாரம் அம்பாங் மேட்டில் ஓட்டிப் பார். முட்டி வலி அப்போதும் குறையவில்லை என்றால் சீட் உயரத்தைப் பார்க்க வேண்டும், அதுவரை கெந்திங் வேண்டாம்.