கறுப்புக் கோட்டில் வண்டி ஓடக் கற்ற கதை: உணரியும் பற்சில்லும்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் சில பிள்ளைகளுக்கு, ரோபோப் பயிற்சிப் பெட்டிகளை வைத்துச் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெட்டியோடு வரும் படத்தாளைப் பார்த்து வண்டியைப் பூட்டுவது அவர்களுக்கு ஒரு மாலைநேர வேலைதான். ஆனால் பூட்டிய வண்டி ஏன் ஓரிடத்தில் ஒழுங்காக ஓடி இன்னோரிடத்தில் தடுமாறுகிறது என்பதைப் படத்தாள் சொல்வதில்லை. அது பிடிபட்ட சில சந்தர்ப்பங்களைப் பகிர விரும்புகிறேன்.

எச்.சி.-எஸ்.ஆர்.04 என்னும் கழியொலி உணரியில் இரண்டு வட்டங்கள் முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால், அதைக் கண் என்றே பிள்ளைகள் நம்புகிறார்கள். உண்மையில் ஒன்று வாய், மற்றது காது. செக்கனுக்கு 40,000 அதிர்வுகள் கொண்ட, நமக்குக் கேட்காத ஒலியை ஒன்று அனுப்ப, அது மோதித் திரும்புவதை மற்றது வாங்குகிறது. 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்லும். ஆகவே ஒரு மீற்றர் தூரத்துச் சுவருக்குப் போய்வர 6 மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவான நேரமே ஆகிறது; அந்த நேரத்தைத்தான் வண்டி தூரமாக மாற்றிக்கொள்கிறது. இதை விளக்கியும் பெரிதாக ஏறவில்லை. சுவருக்கும் அலுமாரிக்கும் முன்னால் நின்ற வண்டி, யன்னலில் தொங்கிய தடித்த திரைச்சீலைக்குள் நேரே போய்ச் சொருகியபோதுதான் அண்ணாவின் மகள் கேட்டாள்: "அப்ப இதுக்குத் துணி கேட்காதோ, சித்தப்பா?" மென்மையான துணி ஒலியை விழுங்கிவிடுகிறது, சரிவாக நிற்கும் வழவழப்பான பரப்பு அதை வேறு பக்கம் தெறிக்கவிடுகிறது என்று பிறகு அவளே தலையணையையும் சாய்த்த புத்தகத்தையும் வைத்துக் கண்டுகொண்டாள்.

கோட்டைப் பின்தொடரும் உணரி இன்னும் நுட்பமானது. அது கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரைத் தரைக்கு அனுப்பி, திரும்பிவரும் அளவைப் பார்க்கிறது: வெள்ளைத் தாள் நிறையத் திருப்பும், கறுப்புக் குறைவாகத் திருப்பும். எங்கள் வீட்டு யன்னல் கடற்பக்கம் இருப்பதால் பின்னேர வெயில் நேராகத் தரையில் விழும். சூரிய ஒளியிலும் செங்கீழ்க் கதிர் நிறைந்திருப்பதால் அந்த நேரத்தில் உணரிக்குக் கறுப்பும் வெள்ளையும் பிரியாது. இன்னொன்றும் கவனித்தோம். மார்க்கர் பேனாவால் கீறிய கோட்டை வண்டி பொருட்படுத்தவே இல்லை. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில மைகள் செங்கீழ்க் கதிரை உறிஞ்சுவதில்லை. மின்வேலைக்குப் பயன்படும் கறுப்பு நாடாவை ஒட்டியதும் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் நாடாவை ஒட்டிய பிறகும் வளைவுகளில் வண்டி கோட்டைத் தாண்டிப் போனது. இந்த இடத்தில்தான் உணரியும் பற்சில்லும் ஒரே பாடமாகின. வண்டி செக்கனுக்கு 60 சென்ரிமீற்றர் ஓடியது. உணரியை வாசிக்கும் நிரலில் ஒவ்வொரு வாசிப்புக்கும் இடையே 50 மில்லிசெக்கன் காத்திருப்பு இருந்தது. அதற்குள் வண்டி 3 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். நாடாவின் அகலமோ 2 சென்ரிமீற்றருக்கும் குறைவு. கோடு வந்து போனதே வண்டிக்குத் தெரிய வாய்ப்பில்லை. காத்திருப்பைக் குறைப்பது ஒரு வழிதான். ஆனால் பிள்ளைகள் மோட்டரின் வலுவைக் குறைக்கவே முனைந்தார்கள். குறைத்துப் பார்த்தபோது மோட்டர் முனகியதே தவிரச் சில்லு அசையவில்லை.

மோட்டரில் 24 பற்கள் கொண்ட சில்லு, அச்சில் 8 பற்கள் கொண்ட சில்லு என்று வேகத்துக்காக அவர்களே பூட்டியிருந்தார்கள். மோட்டர் ஒரு சுற்றுச் சுற்ற அச்சு மூன்று சுற்றுச் சுற்றும். சுழற்றும் வலுவோ மூன்றில் ஒன்றாகிவிடும். இரண்டையும் இடம் மாற்றினால் அச்சின் வேகம் முன்பிருந்ததில் ஒன்பதில் ஒன்றாகும், சுழற்றும் வலு உராய்வு தின்பது போக ஒன்பது மடங்காகும். பற்சில்லு எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை, வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்குகிறது. மாற்றிப் பூட்டியதும் வண்டி ஒரு வாசிப்புக்கு 3 மில்லிமீற்றர் அளவே நகர்ந்து, வளைவைத் தவறவிடாமல் திரும்பியது. மடித்த பாயின் மேலும் ஏறிப் போனது.

பெட்டி வாங்க நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். மலிவான பெட்டிகளில் வரும் மஞ்சள் மோட்டரில் பெரும்பாலும் 48க்கு 1 என்ற விகிதப் பற்சில்லுகள் உள்ளேயே மூடப்பட்டிருக்கும். பிள்ளை அதைக் காண்பதே இல்லை. எனவே பற்சில்லுகள் வெளியே தெரியும், கழற்றி மாற்றக்கூடிய பெட்டியைத் தேடுங்கள். உணரிகளைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்திலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ தனித்தனியாக விசாரித்து வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது நேர்ப்பாதையில் வண்டி மிகவும் மெதுவாகப் போகிறது என்று பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். இரு சில்லுகளும் 16 பற்களாக இருந்தால், காத்திருப்பையும் 10 மில்லிசெக்கனாக்கினால் என்ன ஆகும் என்று கொப்பியில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.