ஓவர்ஹேங்: ‘தொங்கல்’ வேண்டாம், ‘ஏந்தல்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நாம் தமிழாக்கிவரும் பாய்ப்படகுச் சொற்களில் கீல் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) என்பதற்கு ‘ஏரா’ நம்மிடமே இருந்தது. ஹீல் (காற்றில் படகு ஒரு பக்கமாகச் சாய்வது) என்பதற்கு ‘ஒருக்களிப்பு’ என்று போன வாரம் ஒத்துக்கொண்டோம். தண்ணீரில் படியாமல் முன்னும் பின்னும் நீண்டு நிற்கும் படகுப் பகுதியான ஓவர்ஹேங்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. தஞ்சாவூர் நண்பர் ‘தொங்கல்’ என்கிறார், இன்னொருவர் கூரையை நினைத்து ‘இறவாரம்’ என்கிறார். இரண்டையும் ஏன் ஏற்க முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். நான் நாகப்பட்டினத்தில் ஃபைபர் போட்டுக்கு அச்சு எடுக்கும் வேலை பார்ப்பவன். இந்த வளைவுகளைக் கையால் தேய்த்துத் தேய்த்தே பழகியவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பர்க் 30 படகை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கார்ல் ஆல்பர்க் வரைந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 1962 முதல் 1987 வரை வார்த்தார்கள். நுனிக்கு நுனி 30 அடி 3 அங்குலம். நிமிர்ந்து நிற்கும்போது தண்ணீரில் படியும் நீளமோ, அதாவது நீர்க்கோட்டு நீளமோ, 21 அடி 8 அங்குலம்தான். மீதி எட்டரை அடி, அணியத்திலும் (படகின் முன்பக்கம்) பின்பக்கத்திலுமாகத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அதுதான் ஓவர்ஹேங்.

இந்த எட்டரை அடி எதற்கு? இந்த வகைப் படகு தானே எழுப்பும் அலைக்குள் தானே மாட்டிக்கொள்ளும். அதனால் நீர்க்கோட்டு நீளத்துக்கு ஏற்ற வேகத்தைத் தாண்டுவது கடினம். அந்த நீளத்தை அடியில் அளந்து, வர்க்கமூலம் எடுத்து, 1.34-ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வேகம் வரும். இந்தப் படகுக்கு 6.2 நாட். ஆனால் இதன் அகலம் 8 அடி 9 அங்குலம்தான் என்பதால் காற்று பிடித்ததுமே ஒருக்களிக்கும். கொஞ்சம் சாய்ந்த பிறகு, ஏராவுக்குள் வைத்து ஃபைபரால் மூடிய 1,500 கிலோ அடிபாரம் மேலும் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சாய்ந்த நிலையில், முன்னும் பின்னும் மேலே நின்ற பகுதிகள் தண்ணீரில் இறங்குகின்றன. நீர்க்கோடு நீளுகிறது. அது 25 அடி ஆனால் வேகம் 6.7 நாட் வரை போகலாம். அக்காலத்து அமெரிக்கப் போட்டி விதி, படகு நிமிர்ந்து நிற்கும்போது அளந்த நீளத்தைத்தான் கணக்கில் எடுத்தது. அதைக் குறைத்துக் காட்டிவிட்டு, ஓடும்போது நீட்டிக்கொள்ள வரைந்தவர்கள் கண்ட வழி இது. இதற்கு விலையும் உண்டு: உள்ளே இடம் குறையும், எதிர் அலையில் முன்னும் பின்னுமாக ஊசலாட்டம் கூடும். அப்படியும் இதே வகைப் படகு ஒன்றில்தான் கியூபெக்கின் ஈவ் ஜெலினா 1980-களின் தொடக்கத்தில் தனியாளாக உலகைச் சுற்றினார்.

இப்போது சொல்லுக்கு வருவோம். இதில் எதுவும் தொங்கவில்லை, மேல்நோக்கித்தான் எழுகிறது. இறவாரம் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காகத் தாழ்ந்து நிற்பது. இது தண்ணீரை எதிர்பார்த்து உயர்ந்து நிற்பது. வேலையே நேர்மாறு.

எங்கள் பக்கம் வயலில் ஒரு பேச்சு உண்டு: “மடைப்பக்கம் தாழ்வு, அந்த மூலை ஏந்தல். தண்ணி நல்லா நிறைஞ்சாத்தான் அங்க ஏறும்.” சாதாரணமாகக் காய்ந்து கிடக்கும், மட்டம் உயர்ந்தால் நனையும். படகின் அந்த எட்டரை அடியைப் பற்றி இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே ‘ஏந்தல்’. முன்னால் இருப்பது முன்னேந்தல், பின்னால் இருப்பது பின்னேந்தல்.

அன்புடன்,
நாகையிலிருந்து

---

நாகை நண்பருக்கு,

வயல் உவமை பிடித்திருக்கிறது. இரண்டு சந்தேகம். ஒன்று, இராமநாதபுரம் பக்கம் ஏந்தல் என்றால் கண்மாய். ஊர்ப் பெயர்களே அப்படி முடிகின்றன. பழைய இலக்கியத்தில் தலைவன் என்றும் பொருள். இரண்டு, கரையில் ‘அணியத்தை நல்லாத் தூக்கி வை’ என்றுதானே சொல்கிறோம்? ‘தூக்கல்’ என்றே வைத்தால் என்ன? அப்புறம், அணியம் என்ற நல்ல சொல்லை விட்டுவிட்டு ஏன் ‘முன்’?

காரைக்காலிலிருந்து

---

வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நானும் அணியத்தைத்தான் முதலில் சேர்த்துப் பார்த்தேன். அணிய + ஏந்தல், ‘அணியவேந்தல்’ ஆகிவிடுகிறது. காதில் விழுபவர் வேந்தரைத்தான் நினைப்பார். முன்னேந்தலில் அந்தச் சிக்கல் இல்லை, வாயிலும் எளிதாக வருகிறது.

தூக்கல் வேறு அளவு. படகின் மேல்விளிம்புக் கோடு நடுவிலிருந்து அணியத்துக்கு எவ்வளவு உயர்கிறது என்பது தூக்கல். அதை நிலைக்குத்தாக அளக்கிறோம். நம் ஃபைபர் போட்டில் கரையலையை ஏறிக் கடக்க அணியத் தூக்கல் நிறைய இருக்கும். பின்பக்கம் பலகை வைத்து வெட்டியதுபோல் முடிவதால் பின்னேந்தல் அநேகமாக இருக்காது. ஏந்தலைக் கிடையாக, நீர்க்கோட்டின் முனையிலிருந்து படகின் நுனி வரை அளக்க வேண்டும். பட்டறையில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் அச்சு தப்பாகிவிடும். தூக்கலை ஷியர் என்பதற்கு வைத்துக்கொள்வோம், அதையும் பட்டியலில் சேருங்கள்.

கண்மாய்ப் பொருள் இருக்கட்டும். முன், பின் ஒட்டிய பிறகு யாரும் கண்மாயைத் தேடிப் போகமாட்டார்கள். தனியே ‘ஏந்தல்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘படகேந்தல்’ என்று எழுதலாம்.

பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

ஏந்தல்: படகு நிமிர்ந்து நிற்கையில் நீர்க்கோட்டைத் தாண்டி முன்னும் பின்னும் நீண்டு உயரும் உடல்பகுதி, அதன் கிடைநீளம். “காற்று ஏறியதும் படகு ஒருக்களித்தது, பின்னேந்தல் முழுக்கத் தண்ணீரில் படிந்தது.”