புதுச்சேரியில் ஏழு பெண்கள் தங்க ஒரு வீடு வேண்டும்

தோழிக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு முன் ஏழு பேரும் இந்தச் சனி, ஞாயிறு சென்னையிலிருந்து வேனில் புதுச்சேரி வருகிறோம். ஒயிட் டவுனில் பேசி வைத்திருந்த வீட்டை உரிமையாளர் நேற்று இரவு ரத்து செய்துவிட்டார். பணம் திரும்பி வந்துவிட்டது, தங்கத்தான் இடமில்லை.

ஆப்களில் தேடியாயிற்று. பதினோரு இடங்களுக்கு போன் போட்டேன். பாதிப் பேர் நிரம்பிவிட்டது என்கிறார்கள். மற்றவர்கள் பார்ட்டி என்றதுமே வைத்துவிடுகிறார்கள். ஒரு கேக், மருதாணி, கொஞ்சம் பாட்டு, அவ்வளவுதான். பத்து மணிக்குள் முடித்துவிடுவோம்.

ஈசிஆர் பக்கம் ரிசார்ட் கிடைக்கிறது. ஆனால் கல்யாணப் பெண் கேட்டதே ஒன்றுதான்: விடியற்காலையில் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடக்க வேண்டும். ஏழரை மணி வரை அங்கே வண்டி விடமாட்டார்கள். காந்தி சிலை அருகே உட்கார்ந்து சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு, அப்படியே துய்மா வீதி மஞ்சள் சுவர்கள் வழியாகத் திரும்பலாம். அதை விட மனமில்லை. மதியம் சுண்ணாம்பாறு படகு, அப்புறம் ஊர் திரும்புகிறோம்.

முழு வீடு அல்லது மூன்று அறைகள், சனி ஒரு இரவு மட்டும், 14,000 ரூபாய் வரை தருவோம். ஒருத்திக்குக் காலில் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் தரைத்தளம் வேண்டும்.

கடற்கரைச் சாலைக்கு நடந்து போகும் தூரத்தில், பெண்கள் குழுவுக்குத் தரும் வீடு யாருக்காவது நேரடியாகத் தெரியுமா?