தமிழ் 40 நிமிடம் தாமதமாக வந்த இரவு

வெள்ள நேரத்தில் ஓர் உள்ளாட்சி அமைப்பின் சமூக ஊடகப் பக்கங்களுக்குத் தன்னார்வலராகத் தமிழ் எழுதிக் கொடுத்தேன். முதல் இரவு நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆங்கில அறிவிப்பு தயாரானதும் உடனே பதிவாகிவிடும். பிறகுதான் எனக்கு வரும். நான் தமிழில் எழுதி அனுப்ப, ஒருவர் சரிபார்க்க, இன்னொருவர் படத்தில் பொருத்தி வெளியிடுவார். அன்று இதற்கெல்லாம் 40 நிமிடம் பிடித்தது. அதற்குள் அறிவிப்பில் முதலில் சொல்லியிருந்த நிவாரண முகாமுக்குள் தண்ணீர் புகுந்து, ஆங்கிலப் பதிவில் இடத்தை மாற்றிவிட்டார்கள். என் கையில் இருந்ததோ பழைய வாசகம். அதுதான் வெளியானது. தமிழை நம்பிக் கிளம்பிய குடும்பங்கள் பூட்டிய கேட்டுக்கு முன்னால் போய் நின்றன. "இங்கே யாருமே இல்லையே, நாங்கள் எங்கே போவது?" என்று பதிவின் கீழே ஒரு பெண் கேட்டிருந்தார்.

மறுநாளே முறையை மாற்றச் சொல்லி மன்றாடினேன். ஆங்கிலம் எழுதுபவருக்குப் பக்கத்திலேயே தமிழ் எழுதுபவரும் உட்கார வேண்டும், இரண்டும் ஒன்றாகவே போக வேண்டும் என்றேன். அவசர எச்சரிக்கைகளுக்கென்றே காமன் அலர்ட்டிங் புரோட்டோகால் என்ற பொது வடிவம் இருக்கிறது. ஒரே எச்சரிக்கைக்குள் மொழிக்கு ஒரு பகுதி வைக்க அதிலேயே இடம் உண்டு. தொழில்நுட்பம் எப்போதோ வழிவிட்டுவிட்டது. நம் வேலை வரிசையில்தான் தமிழ் இன்னும் கடைசியில் நிற்கிறது.

சொற்களிலும் தடுமாறினோம். ஆங்கில அறிவிப்பில் 'வாட்ச்' என்றால் ஆபத்து வரக்கூடும். 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டிருக்கிறது. தமிழில் இரண்டையும் 'எச்சரிக்கை' என்றே எழுதிக்கொண்டிருந்தோம். படிப்பவர் எதைப் பார்த்துக் கிளம்புவார்? பெயரை விட்டுவிட்டுச் செய்ய வேண்டியதை எழுதத் தொடங்கினோம்: "மருந்து, ஆவணங்களை எடுத்து வையுங்கள்." "இப்போதே மேட்டுப் பகுதிக்குப் போங்கள்." 'வெளியேற்ற நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படுகின்றன' என்று இனி எழுதவே மாட்டேன்.

குறுஞ்செய்தி அனுப்பும் பணியில் இருப்பவரின் பதில்:

எங்களுக்கு இடம்தான் பிரச்சினை. ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து போகும், தமிழில் 70தான். அதிலும் எழுத்தும் அதோடு வரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காகும். 'வெளியேறுங்கள்' என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, செய்தியில் 13 இடம். இரண்டு மொழியையும் ஒரே செய்தியில் போட்டுப் பார்த்தோம். ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலே ஆங்கிலமும் அந்த 70 கணக்குக்குள் வந்துவிடுகிறது. இப்போது தனித்தனிச் செய்தியாக, ஒரே நேரத்தில் அனுப்புகிறோம். தமிழில் இடமும் செய்ய வேண்டியதும் மட்டும். வணக்கம், நன்றி எதுவும் கிடையாது.

பார்வையற்ற ஒருவரின் பதில்:

தமிழ் அறிவிப்பு படமாக வந்தால் என் போன் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆங்கிலப் பதிவு எழுத்தாக இருந்ததால் திரைவாசிப்பான் அதை முழுதாக வாசித்தது. எனக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும், தப்பித்தேன். என் அம்மாவுக்கும் பார்வை இல்லை, ஆங்கிலமும் தெரியாது. அவர் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் எழுதியவர்:

நீங்கள் எழுதியதைப் படித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படங்களில் இருந்த வாசகம் நான் எழுதியது. இப்போது படத்துக்குக் கீழே முழு வாசகத்தையும் எழுத்தாகவே போடுகிறோம். முதல் வரியில் தேதி, நேரம். அடுத்த மழையில் பழைய முகாம் அறிவிப்பு ஒன்று வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றியது. "தேதியைப் பாருங்கள், இது போன வருஷத்தது" என்று குழுவிலேயே யாரோ சொல்லி நிறுத்திவிட்டார்கள்.